காத்தடிக்கிற வெயிலுமுத்து அத்தான்

தாராவியில் எங்கள் சந்துக்கு வந்து வெயிலுமுத்து வீடு எது என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். காத்தடிக்கிறவர் வீடு என்று கேளுங்கள், கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் விட்டுவிடுவார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் சைக்கிள் கடை என்று எண்ணிப் பஞ்சரான டியூபோடு வந்து நிற்பதும் உண்டு. என் அக்காள் சொர்ணம்மாள் அவர்களிடம், அவர் காற்றடிப்பது வெள்ளைக்காரன் கட்டின கோயிலில், சைக்கிளுக்கு இல்லை என்று விளக்குவாள். வந்தவர் முன்னைவிடக் குழம்பிப் போவார்.

அந்த வெயிலுமுத்து எனக்கு அத்தான், அக்காள் புருஷன். நான் தளவாய், பஸ் கண்டக்டர். நாள் முழுக்க ‘ஆகே சலோ, ஆகே சலோ’ என்று ஆட்களை முன்னே நகரச் சொல்லிக் கத்திக் கத்தி வாய் நீண்டுபோனவன். கோபம் எனக்குச் சட்டென்று வரும், அதை மறைக்கிற பழக்கமும் கிடையாது. அத்தானோ கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் சொல்கிற ஆள். எங்கள் இருவருக்கும் எப்படி ஒத்துப்போகிறது என்று அக்காளுக்கே ஆச்சரியம். அவரைக் கிண்டல் செய்வதென்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

வாரத்தில் ஆறு நாள் அவருக்குத் தோல் பட்டறையில் வேலை, பைகளுக்கு வார் தைப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, நெற்றியில் பட்டையாகத் திருநீறு பூசிக்கொண்டு, பைகுல்லா பக்கம் இருக்கிற அந்தப் பழைய வேதக்கோயிலுக்கு, சர்ச்சுக்குத்தான், கிளம்பிவிடுவார். திருநீறு பூசினவருக்கு வேதக்கோயிலில் என்ன ஜோலி என்று கேட்டவர்களுக்கு, காத்தடிக்கப் போறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு நடப்பார். பெயர் அப்படி வந்ததுதான்.

அங்கே ஆர்கன் என்று ஒரு வாத்தியம் இருக்கிறது. ஆர்மோனியத்தை மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். இது ஒரு வீடு. சுவர் முழுக்கக் குழாய்கள். சின்னது என் விரல் அளவு, பெரியது கூரையை முட்டும். கப்பலில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியதாம். வாசிக்கிறவர் முன்னால் உட்கார்ந்து கையாலும் காலாலும் வாசிப்பார். குழாய்களுக்குக் காற்று வேண்டுமே? பின்னால், பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குறுகலான அறை. அதில் கட்டில் அகலத்துக்குத் தோல் துருத்தி, அதற்கு நீளமான மரக் கைப்பிடி. கைப்பிடியை ஏற்றி இறக்கினால் துருத்தியில் காற்று நிறையும். எவ்வளவு நிறைந்தது என்று காட்டச் சுவரில் ஒரு கயிற்றில் ஈயக்குண்டு தொங்கும். காற்று நிறைந்தால் குண்டு இறங்கும், காற்று குறைந்தால் ஏறும். இரண்டு சாக்பீஸ் கோட்டுக்கு நடுவில் அதை நிறுத்தி வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை என்பார் அத்தான். அவ்வளவுதான் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன், அந்தக் கூத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு மழைக்காலத்தில் அந்தத் துருத்தியின் தோல் கிழிந்துவிட்டது. கோயிலில் மணியடித்து, பெஞ்சு துடைத்து, சாவிக்கொத்தோடு திரிந்தவர் ஞானசிகாமணி, பாளையங்கோட்டைக்காரர். தோல் என்றால் தாராவிதானே என்று நேரே பட்டறைக்கு வந்து அத்தானைப் பிடித்துக்கொண்டு போனார். அத்தான் ஒட்டுப் போட்டு முடித்து, காற்று நிற்கிறதா என்று கைப்பிடியை ஏற்றி இறக்கிப் பார்த்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து மிஸ் டிக்ரூஸ் வந்து முன்னால் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கிவிட்டார். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், அந்த ஆர்கனை வாசிக்கிறவர் அவர்தான். அந்த அம்மாள் நிறுத்தவில்லை, அதனால் இவரும் நிறுத்தவில்லை. கடைசியில் மிஸ் எழுந்து பின்னால் வந்து எட்டிப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமையும் வா என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனாராம். அப்படி ஒட்டிக்கொண்டவர்தான் அத்தான்.

அவர்களுக்குள் பேச்சு அதிகம் கிடையாது. பலகைக்கு அந்தப் பக்கமிருந்து, “முத்து, ஹவா” என்பார் மிஸ். இந்தப் பக்கமிருந்து, “ஹை, மிஸ்” என்பார் இவர். காற்று கேட்பார், இருக்கிறது என்பார், வாசிப்பு தொடங்கும். இதிலேயே வருடங்கள் ஓடிவிட்டன. புருஷன் பெண்டாட்டிக்குக்கூட இவ்வளவு ஒத்துப்போகாது என்று நான் ஒருநாள் சொல்லப்போக, அக்காள் கரண்டியை ஓங்கிவிட்டாள்.

அத்தானிடம் ஒரு பிடிவாதம் உண்டு. சரஸ்வதி பூசை அன்று கருவியைத் தொட்டு வேலை செய்ய மாட்டார். ஊசி, கத்தி, வார் அறுக்கிற தகடு எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து சாமி முன்னால் பரப்பிவிடுவார். அதோடு விட்டாரா? கோயிலுக்கும் போய்த் துருத்திக் கைப்பிடிக்குப் பொட்டு வைத்து, ஒரு முழம் செண்டுப்பூவும் சுற்றிவிட்டு வருவார். ஞானசிகாமணி முதல் வருடம் தலையில் அடித்துக்கொண்டார், பாதிரியார் பார்த்தால் என்ன ஆகும் என்று. மிஸ் டிக்ரூஸ் வந்து பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு அந்தப் பூ வாடி உதிரும்வரை யாரும் எடுப்பதில்லை.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் பூதத்தான். அத்தானோடு அதே மணையில் உட்கார்ந்து வேலை செய்தவன். ஒரு பூசை நாளில் அவசர ஆர்டர் என்று அப்போதிருந்த பட்டறைக்காரன் எல்லாரையும் வேலைக்கு இழுத்தான். அன்றைக்குத்தான் பூதத்தானின் இரண்டு விரல் பிரஸ்ஸில் போனது. அத்தான் அந்தப் பட்டறைக்கு அப்புறம் போகவில்லை. கருவிக்கு வருடத்தில் ஒருநாள் ஓய்வு, அதை யார் கேட்டாலும் விட்டுத்தர முடியாது என்று அன்று முடிவு கட்டிக்கொண்டவர்.

அறுபத்தாறாம் வருடம் அந்த ஆர்கனுக்கு எழுபத்தைந்து வயது நிறைந்தது. விழா எடுப்பது என்று முடிவாயிற்று. மிஸ் டிக்ரூஸ் தனியாக உட்கார்ந்து சாயங்காலம் முழுக்க வாசிப்பார், ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாம் வருவார்கள். மழை பெய்துகொண்டிருந்த ஆடி மாதத்திலேயே மிஸ் அத்தானிடம் வந்து, அக்டோபர் பாயீஸ், இருபத்திரண்டாம் தேதி, சனிக்கிழமை, வருவாயா என்று கேட்டிருக்கிறார். அத்தான் வழக்கம்போல, “ஹை, மிஸ்” என்று சொல்லிக் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டார். அக்டோபர் பாயீஸ் என்றால் அவருக்கு என்ன தெரியும்? எங்கள் ஆட்களுக்குச் சம்பளத்துக்கும் ரேஷனுக்கும் இங்கிலீஷ் தேதி. சாமிக்கும் சடங்குக்கும் புரட்டாசி, ஐப்பசி. இரண்டும் வேறு வேறு ஊரில் ஓடுகிற பஸ் என்றுதான் நினைப்பு.

புரட்டாசி கடைசியில் நோட்டீஸ் அச்சாகி வந்தது. அத்தான் அதை வேட்டி மடிப்பில் வைத்து, கசங்காமல் என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். மேலே ஆர்கனின் படம், நடுவில் மிஸ்ஸின் பெயர், அடியில் சின்ன எழுத்தில், துருத்தி: மிஸ்டர் வெயிலுமுத்து. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாணத்தன்றுகூட மனிதர் இப்படிச் சிரித்ததில்லை. எந்த இடத்தில் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லி மறுபடியும் மறுபடியும் பார்த்தார். நானும் உற்சாகத்தில் தேதி, கிழமை எல்லாவற்றையும் உரக்கப் படித்தேன். அடுப்படியில் இருந்த அக்காள் எழுந்துபோய், சுவரில் தொங்கிய தமிழ்க் காலண்டரில் தாள்களைத் தூக்கிப் பார்த்தாள்.

“அன்னைக்கு சரஸ்வதி பூசைல்லா” என்றாள்.

அத்தான் நோட்டீஸை மடித்துத் தகர டப்பாவுக்கு மேலே வைத்துவிட்டுத் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். இரவுச் சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. சத்தியத்தையும் மீற முடியாது, பூசையையும் மீற முடியாது. நான் விட்டேனா? என் பஸ்ஸுக்கும்தான் அன்றைக்கு மாலை போடுகிறோம், எலுமிச்சம்பழம் கட்டுகிறோம், ஆனாலும் பஸ் ஓடத்தானே செய்கிறது என்று வாதாடினேன். அது கவர்மெண்டு வண்டி, அதுக்கு யார் மாப்ளே பொறுப்பு என்று கேட்டு என் வாயை அடைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு, இந்த மனுஷனை நோட்டீஸோடு சுருட்டி வைக்கலாமா என்றிருந்தது.

ஞானசிகாமணிக்கு விஷயம் தெரிந்ததும் குதி குதி என்று குதித்தார். தேதியை மாற்ற வழியில்லை, பிஷப் வரைக்கும் சொல்லியாகிவிட்டது. தானே அடிக்கலாம் என்று பார்த்தால் அவருக்கோ மூச்சிரைப்பு, கைப்பிடியைப் பத்துத் தடவை இறக்குமுன் உட்கார்ந்துவிட்டார். உடனே நான் மார்பைத் தட்டினேன். மேலே கீழே ஆட்டுவதற்கு என்ன பெரிய படிப்பு, நான் அடிக்கிறேன் காற்று என்றேன். கருவி ஓயணுமே மாப்ளே என்று அத்தான் முனகினதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பூசைக்கு இரண்டு நாள் முன்னால் சாயங்காலம் ஒத்திகைக்குப் போனோம். நான் போய் ஞானசிகாமணியோடு சண்டை பிடிப்பேன் என்று பயந்து அக்காளும் கூடவே வந்தாள்.

மிஸ் டிக்ரூஸ் முன்னால் உட்கார்ந்தார். காற்று கேட்டார். நான் இருக்கிறது என்று கத்திவிட்டுக் கைப்பிடியைப் பிடித்து இறக்கினேன் பாருங்கள், குண்டு கோட்டைத் தாண்டித் தரைக்கே வந்துவிட்டது. அந்தப் பக்கம் குழாய்கள் எல்லாம் எருமைமாட்டு மந்தை மாதிரி அலறின. பயந்துபோய் நிறுத்தினேன். குண்டு சரசரவென்று மேலே ஏறியது, வாசிப்பு முனகி முனகிச் செத்துப்போனது. மறுபடி அழுத்தினேன், மறுபடி எருமை. பலகைக்கு அப்பால் மிஸ், “கௌன் ஹை யே?” என்று பல்லைக் கடித்தார், யார் இந்த ஆள் என்று. ஞானசிகாமணி என்னைப் பார்த்து, “வேய், இது ஒம்ம பஸ் மணி இல்ல, விடும்” என்றார். ஊரில் எவனுக்கும் அடங்காத நான் கைப்பிடியை விட்டுவிட்டு மூலையில் போய் நின்றேன்.

அத்தான் துருத்திக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். நானே மிஸ்கிட்ட போய் வர முடியாதுன்னு சொல்லிருதேன் என்று எழுந்தார். பெயர் அச்சாகிவந்த நோட்டீஸ் சட்டைப்பையில் துருத்திக்கொண்டு தெரிந்தது.

அப்போதுதான் அக்காள் பேசினாள். அதுவரை சுவரோரம் நின்று ஈயக்குண்டையே பார்த்துக்கொண்டிருந்தவள்.

“நான் அடிக்கேன்.”

அத்தான், பூசையன்னைக்குக் கருவி ஓய்ஞ்சிருக்கணும், யாரு தொட்டாலும் அது வேலைதானே என்றார்.

அக்காள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். சந்தில் இட்லிக்கடை போடுகிறவள் அவள், தினமும் மாவாட்டுகிற கை. “ஆட்டுக்கல்லு என் கருவி. கரண்டி என் கருவி. அடுப்பும் என் கருவிதான். ஆட்டுக்கல்லுக்குப் பொட்டு வச்சு உக்கார வச்சிருதேன், சரி. அடுப்பு என்னைக்காவது ஓய்ஞ்சிருக்கா? பூசையன்னைக்குத்தான் சுண்டலும் பொங்கலும் வடையுமா ரெட்டிப்பா எரியுது. அதைத் தின்னுட்டுத்தானே கருவிக்கு ஓய்வுன்னு சொல்லுதிய.”

அத்தான் தலையைச் சொறிந்தார். நான் மூலையில் இன்னும் ஒட்டிக்கொண்டேன், அன்றைக்கு வடையை அதிகம் தின்கிறவன் நான்தான். ஞானசிகாமணி மட்டும் கூரையைப் பார்த்து யாருக்கோ ஸ்தோத்திரம் சொன்னார்.

“ஓய்வு உங்களுக்கு. உங்க கைதான் தொடக்கூடாது. எனக்கு இது கருவி இல்ல, ஒத்தாசை” என்று முடித்துவிட்டு அக்காள் கைப்பிடியைப் பிடித்தாள்.

மாவாட்டும்போது குழவியை வேகமாகச் சுற்றினால் மாவு வெளியே தெறிக்கும், மெத்தனமாகச் சுற்றினால் அரிசி அரிசியாக நிற்கும். அந்தக் கணக்கு அவள் தோளிலேயே இருந்தது போல. குண்டு மெல்ல இறங்கிக் கோட்டுக்கு வந்தது, நின்றது. அத்தான் பக்கத்தில் நின்று, வாசிப்பு தடிக்கும்போது முன்கூட்டியே அழுத்தணும், ஒல்லியாகும்போது கையைத் தொங்க விடணும் என்று சொல்லிக்கொடுத்தார். அவர் அன்று பேசியதுபோல் ஒரு மாதம் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. வாசித்து முடித்து மிஸ் பின்னால் வந்து பார்த்தார். சேலை கட்டின ஆளைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார். பிறகு அக்காளின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

சனிக்கிழமை வந்தது. வீட்டில் பூசை முடித்து, அத்தான் காலையிலேயே போய்க் கைப்பிடிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, செண்டுப்பூ சுற்றிவிட்டு வந்தார். சாயங்காலம் அக்காள் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு, அந்தக் கைப்பிடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டு அறைக்குள் நின்றாள். பூசை வைத்த கருவிக்குப் பக்கத்தில் நின்றால் கை தன்னால் போய்விடும் என்று அத்தானை அவளே வெளியே விரட்டிவிட்டாள். நாங்கள் இருவரும் முன்வாசல் வழியாக உள்ளே போனோம். செருப்பைப் படியில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனால் அத்தனை பேரும் பூட்ஸோடு உட்கார்ந்திருக்கிறார்கள். போய்ப் போட்டுக்கொண்டு வரலாமா என்று கேட்டேன். அத்தான் முறைத்தார். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

தொப்பி வைத்த சீமாட்டிகள், பார்சிக் குடும்பங்கள், கோட்டுக்குக் கீழே பஞ்சகச்சம் கட்டின ஒரு மாட்டுங்கா மாமா என்று கோயில் நிறைந்திருந்தது. மிஸ் டிக்ரூஸ் நீலக் கவுன் போட்டு வந்து வணங்கிவிட்டு உட்கார்ந்தார். அவர் வாய் அசைந்தது, காற்று கேட்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். அத்தான் பெஞ்சிலிருந்தே, ஹை மிஸ் என்று முணுமுணுத்தார்.

முதல் பாட்டு முழுக்க அவர் பாட்டைக் கேட்கவே இல்லை. கைகள் முழங்காலில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. வாசிப்பு தடித்தபோது எழுந்தே விட்டார், உள்ளே அக்காளுக்கு மூச்சு வாங்கும் என்று. நான் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். சத்தம் ஒரு நூல் தொய்ந்த மாதிரி இருந்தது, உடனே நிமிர்ந்துகொண்டது. எங்களுக்கு முன்னால் இருந்த மாட்டுங்கா மாமா தொடையில் தாளம் போடத் தொடங்கி, தாளம் பிடிபடாமல், விடாமலும் போட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாவது பாட்டு சின்னதாகத் தொடங்கியது. ஒற்றைக் குழாய், யாரோ தூரத்தில் சீட்டியடிப்பது போல. பிறகு ஒன்று சேர்ந்தது, இன்னொன்று சேர்ந்தது, கடைசியில் பெரிய குழாய்கள் எல்லாம் திறந்துகொண்டபோது பெஞ்சு அதிர்ந்தது, என் நெஞ்சு அதிர்ந்தது, உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அட சாமி என்று நான் அத்தான் பக்கம் திரும்பினேன். அவர் கைகள் ஓய்ந்து மடியில் கிடந்தன. வாய் திறந்திருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, துடைக்கவும் தோன்றவில்லை அவருக்கு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த வாத்தியம் பாடுகிற நேரமெல்லாம் இந்த மனுஷன் பலகைக்குப் பின்னால் இருந்தவர். அங்கே துருத்தி மூச்சுவிடுகிற சத்தமும் கைப்பிடி முனகுகிற சத்தமும்தான். இவர் கை நின்றால் அது நின்றுவிடும், பிறகு எங்கே போய்க் கேட்பது? எத்தனை வருடம் காற்றடித்தாரோ அத்தனை வருடமும் இதை ஒருநாள்கூடக் கேட்டதில்லை. நான் ஒரு நிமிஷம்கூட அதை யோசித்ததில்லை, காத்தடிக்கிறவர் என்று சிரித்ததோடு சரி.

வாசிப்பு முடிந்து எல்லாரும் கைதட்டினார்கள். மிஸ் டிக்ரூஸ் எழுந்து நின்று, நோட்டீஸில் ஒரு திருத்தம், இன்று காற்று தந்தவர் மிஸஸ் வெயிலுமுத்து என்று இங்கிலீஷில் சொல்லிப் பக்கவாட்டுக் கதவைக் காட்டினார். கதவு திறந்து அக்காள் வந்தாள். கொண்டை அவிழ்ந்து, முகமெல்லாம் வியர்த்து, கல்யாணச் சேலை நனைந்து ஒட்டியிருந்தது. கைதட்டல் இன்னும் பலமாகியது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. கண்ணால் தேடி, நடுப்பாதையில் விறுவிறுவென்று நடந்து, நேரே எங்கள் கடைசிப் பெஞ்சுக்கு வந்தாள்.

“கெடுத்துட்டனா? ஏன் அழுதிய?”

அத்தான் இல்லை என்று தலையை ஆட்டினார். அக்காள் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் முதலில் அவர் முகத்தைத் துடைத்தாள், பிறகு தன் முகத்தை.

“உள்ளே இருந்தா திம்முதிம்முன்னு இடிதான் கேக்குது. எப்படித்தான் இருந்துச்சு, சொல்லுங்களேன்” என்றாள்.

“ஏளா, எனக்குச் சொல்லத் தெரியல. நாளைக்கு நீ இந்த இடத்துல வந்து உக்காரு. நான் அடிக்கேன்.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, விஜயதசமி. ஓய்ந்த கருவியைத் தொட்டு வேலை தொடங்குகிற நாள். அக்காள் இட்லிக்கடையைச் சீக்கிரமே ஏறக்கட்டிவிட்டு, அத்தானுக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றாள்.